தகரம் தெரியக் கூடாது

வீடு கட்ட வேண்டும் என்று ஒருவர் உங்கள் அலுவலகத்துக்கு வந்தால், அவர் செல்போனில் காட்டும் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய சட்டையைப் பாருங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் போடியில் வீடுகளுக்குப் படம் வரைந்து, கட்டி முடிக்கிற வரை கூடவே நின்று பிழைத்தவன் நான். போன வருடம்தான் அலுவலகத்தை மூடினேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் அவ்வப்போது வீட்டுக்கு வந்து, "சார், ஏதாவது சொல்லுங்க" என்கிறீர்கள். கம்பி கட்டுவதையும் கலவை போடுவதையும் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன், அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

சட்டைக்கு வருவோம். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் பெரிய ஊர்களில் பெல்பாட்டம் ஒழிந்துவிட்டது. போடிக்கு எதுவுமே கொஞ்சம் மெதுவாகத்தான் வந்து சேரும், வந்தால் லேசில் போகாது. காலைச் சுற்றி முழத் துணியை வீசிக்கொண்டு நடந்த அதே ஆட்கள் வீட்டு முகப்பிலும் அந்த வீச்சைக் கேட்டார்கள். சன்ஷேடு றெக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பால்கனி வளைய வேண்டும். அப்புறம் சபாரி வந்தது. மேலேயும் கீழேயும் ஒரே துணி, நாலு பாக்கெட். உடனே தரையில் போட்ட மொசைக்கையே சுவரிலும் பாதி உயரத்துக்கு ஏற்றினோம். அறைக்கு நாலு அலமாரி, நாலு பரண் வைத்தோம். அந்த நாலாவது பாக்கெட்டில் யாரும் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை, நாலாவது பரணும் அப்படித்தான் காலியாகக் கிடந்தது. பிறகு இடுப்பில் இரண்டு மடிப்பு வைத்த தொளதொள பேண்ட் வந்தபோது போர்ட்டிகோவில் இரண்டு பருத்த தூண்கள் வந்தன. இப்போது உடம்போடு ஒட்டிய சட்டை, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிற பேண்ட். வீடும் பெட்டி பெட்டியாக, சன்ஷேடு இல்லாமல், வெள்ளையும் சாம்பலுமாக நிற்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. என்னிடமும் சபாரி இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவை என் மனைவி இன்னும் யாருக்கும் காட்டுவதில்லை.

ஒரு ஆள் தன் உடம்பில் எதைக் காட்டுகிறார், எதை மறைக்கிறார் என்று பார்த்தால், வீட்டிலும் அவர் அதையேதான் கேட்பார் என்பது தெரியும். எனக்கு இது புரியப் பல வருடம் ஆனது. ஆரம்பத்தில் சிலமலையிலிருந்து ஒரு விவசாயச் சம்சாரி வந்தார். வெளியே வெள்ளை வேட்டி, உள்ளே பட்டாபட்டி டவுசர். பஸ் டிக்கெட்டிலிருந்து நிலப் பத்திரத்தின் நகல் வரை எல்லாமே அந்த டவுசர் பாக்கெட்டில்தான் இருக்கும். எதை எடுப்பதானாலும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, வேட்டியை ஒதுக்கித்தான் எடுப்பார். அந்த மனுஷருக்குப் போய் முன்னறையில் சுவருக்குச் சுவர் கண்ணாடி வைத்துப் படம் போட்டுக் கொடுத்தேன். அவர் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"தம்பி, நான் சாப்புட்டேனா, சண்ட போட்டேனான்னு ரோட்டுல போறவன் பாத்துக்கிட்டே போறதுக்கு நான் எதுக்கு வீடு கட்டணும்? அதுக்கு மந்தையிலயே இருந்துக்கிறலாம்ல."

படத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். வேறு ஆளை வைத்துக் கட்டிக்கொண்டார். பட்டிக்காட்டு ஆள் என்று அன்றைக்கு அவரைப் பற்றி நினைத்தேன். அந்த டவுசர் பாக்கெட்டைக் கண்ணால் பார்த்தும் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தது நான்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு விவரம் சொன்னவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். என் வயதுதான் இருக்கும். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அவர் கடை இன்றும் கூட்டமாகத்தான் ஓடுகிறது. சட்டை தைத்தால் தோளிலும் பக்கவாட்டிலும் ஒரு விரற்கடை துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பார். ஆள் பருத்தால் பிரித்துவிடலாம். நாம் பின்னால் மாடி எடுக்க வசதியாகத் தூண் கம்பியை மொட்டை மாடியில் நீட்டி விட்டு வைக்கிறோம் அல்லவா, அதே கணக்கு. "ஒங்க கம்பி வெளிய தெரியுது, என் துணி வெளிய தெரியாது. அம்புட்டுத்தேன் வித்தியாசம்" என்பார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவராகவே ஒரு கதை சொன்னார். ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். வரவேற்பு நாள் வரை வேலை முடியவில்லை. கையும் தோளும் சேரும் கைக்குழியில் பேருக்கு ஒட்டுத் தையல் போட்டுக் கொடுத்து, "அப்பு, கைய மட்டும் ரொம்பத் தூக்காம பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தானும் மண்டபத்துக்குப் போயிருக்கிறார். மேடையில் மாலை மாற்றச் சொன்னார்கள். பெண் நல்ல உயரம். மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கினதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரிந்துவிட்டது.

"மாலயப் போடுறதுக்குன்னே வந்தவன்கிட்டப் போயி, கையத் தூக்காதன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கேன் பாருங்க" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் அவர் கடை இருக்கிற தெருவுக்குள் வராமல் சுற்றித்தான் போகிறாராம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

ராசிங்காபுரத்தில் தலைமுறையாக வெள்ளாமை பார்க்கிற குடும்பம் பெரியசாமி அண்ணனுடையது. போடிமெட்டுக்கு அப்பால் அவருக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. மகன் பிரபு வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அது பிடிக்காமல் வந்து தோட்டத்திலேயே தங்கிவிட்டான். தோட்டத்து வீட்டை நான்தான் கட்டிக் கொடுத்தேன். பின்பக்கம் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர், அதை ஒட்டி அடுப்படியும் இரண்டு அறைகளும், முன்னால் ஒரு கூடம். எல்லாவற்றுக்கும் மேலே சரிவாகத் தகரக் கூரை, சுவரைத் தாண்டி நன்றாக இறங்கி நிற்கும் இறவாரம். மலையில் மழை எப்படிப் பெய்யும் என்று தெரிந்த எவனும் வேறு மாதிரி கட்ட மாட்டான்.

அந்தத் தகரம்தான் பிரபுவின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது. நம் பக்கம் சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்படிச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரிதான். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல், "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று ஜீப் ஏறிவிடுவார்கள். பிரபுவுக்கு மூன்று இடம் அப்படித் தட்டிப்போனது. ராசிங்காபுரத்தில் இவர்களுக்கு மாடி வீடு உண்டு. ஆனால் பெண் இருக்கப் போவது மலையில், மலையில் இருப்பதோ தகர வீடு. மூன்றாவதாக வந்த பெரியவர் ஜீப்பில் ஏறும்போது, "கூலியாளுக குடியிருக்கிற லயம் மாதிரில்ல இருக்கு" என்று சொன்னது பிரபுவின் காதில் விழுந்திருக்கிறது. அதிலிருந்து பையன் சரியாகப் பேசுவதில்லை என்று பெரியசாமி அண்ணன் என்னிடம் சொன்னார்.

நாலாவதாகச் சிலமலையில் ஒரு இடம் வந்தது. பெண் கவிதா, தேனியில் மருந்தாளுநர். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே வருவது வழக்கமில்லை. ஆனால் குடியிருக்கப் போகிறவள் நான், நானும் வந்துதான் பார்ப்பேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது. ஆவணி பிறந்ததும் வருவதாகப் பேச்சு.

ஆனி மாதம் அப்பாவும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பிரபு செல்போனை நீட்டினான். ஏதோ ஒரு நகரத்து வீடு. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் வெள்ளையாக இன்னொரு பெட்டி, கூரை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பிரபு போட்டிருந்த சட்டையும் அந்த வீட்டைப் போலத்தான் இருந்தது, எங்கேயும் ஒரு மடிப்பு, ஒரு தொங்கல் இல்லாமல்.

"இன்ஜினியரு, எனக்கு இதெல்லாம் தெரியாது. தகரம் தெரியக் கூடாது. அம்புட்டுத்தேன்" என்றார் பெரியசாமி அண்ணன்.

மலையிலிருந்து கல்யாணம் காதுகுத்துக்கு இறங்கி வருகிறவர்களை ஜீப்பில் பார்த்திருப்பீர்கள். போடிமெட்டில் ஜீப்புக்குள் ஏறும்போது ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டே வருவார்கள். அடிவாரத்தில் இறங்கும்போது வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளை மாதிரி இறங்குவார்கள். ஆளுக்கு அது முடியும். மலையிலேயே நிற்கிற வீட்டுக்கு அடிவாரத்துச் சட்டையை மாட்டக் கூடாது என்று எனக்கு அன்றைக்கே நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. அந்தப் பையனின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அதை இரக்கம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி இரக்கம்தான். மீதிப் பாதி, வீடு தேடி வந்த வேலையை விட மனசில்லாதது.

வேலையைத் தொடங்கினோம். கூடத்து முன்பக்க இறவாரத்தை வெட்டினேன். முன்சுவருக்கு மேலே ஆறடி உயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர் எழுப்பி, நடுவில் அழகுக்குச் சதுர ஓட்டைகள் விட்டு, பூசி, செல்போன் படத்தில் இருந்தபடியே சாம்பல் பெட்டி, வெள்ளைப் பெட்டியாகப் பெயிண்ட் அடித்தோம். கூரையில் விழும் தண்ணீர் இனி அந்தச் சுவரின் முதுகில் வந்து முட்டும். அங்கே ஒரு தகர வாய்க்காலும், தண்ணீரை இறக்க இரண்டு குழாயும் வைத்தேன். சுவர் சாயாமல் இருக்க அதைக் கூரைச் சட்டத்தோடு இரும்புப் பட்டை போட்டுப் பிடிக்க வேண்டும் என்று படத்தில் வரைந்தும் இருந்தேன். ஆடி முழுக்க மழை. பட்டை அடிக்கிற ஆள் மலை ஏறவில்லை. ஆவணியும் பிறந்துவிட்டது. பெண் வீட்டார் வந்து போகட்டும், பட்டையைப் பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, அது என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர்கள் வருகிற அன்று காலை எட்டு மணிக்கே நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன். ராத்திரி முழுக்கப் பெய்த மழை அப்போதும் விட்டபாடில்லை. ஆனாலும் வீடு ஜோராகத்தான் இருந்தது. மூன்று இடம் கைவிட்ட வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முகப்பை ஒட்டித் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கூடத்தில் புது சோபா. அடுப்படியில் சமையல் வாசனை. பெரியசாமி அண்ணன் மடிப்புக் கலையாத சட்டையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். பிரபு ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போது தோட்டத்தில் வேலை செய்கிற ராஜம்மாள், கையில் வாளியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். ரொம்ப வருடம் மலையிலேயே இருந்து, தண்ணீரை மலையாளத்தில் வெள்ளம் என்றே சொல்லிப் பழகியவள்.

"சாரே, காலையில இந்தப் பைப்புல வெள்ளம் பிடிக்கலாம்னு வாளியக் கொண்டாந்து வச்சேன். சொட்டுச் சொட்டாத்தேன் விழுது. ராத்திரி அம்புட்டு மழ பேஞ்சுச்சே, அம்புட்டு வெள்ளமும் எங்கன போச்சு?"

குழாயைப் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை. அடுத்த குழாய்க்கு ஓடினேன், அதுவும் அப்படித்தான். ஏலத்துக்கு நிழல் தரும் மரங்களின் இலையெல்லாம் கூரையில் விழுந்து, வாய்க்காலில் சேர்ந்து அடைத்துவிட்டது. இது நடக்கும் என்று மலையில் நாலு நாள் இருந்தவனுக்குத் தெரியும். வீட்டின் ஓரத்துக்குப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரை நீளவாக்கில் பார்த்தேன். முகப்பு முன்னால் சாய்ந்திருந்தது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் பூச்சு நேர்கோடாக வெடித்திருந்தது, என் நகம் உள்ளே போனது. அதன் முதுகில் ஒரு தொட்டித் தண்ணீர் நிற்கிறது, பிடித்துக்கொள்ளப் பட்டையும் இல்லை. நேர் கீழே நாற்காலிகள் இருந்தன. 

பெரியசாமி அண்ணனையும் பிரபுவையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியசாமி அண்ணனுக்குப் போன் வந்தது. பெண் வீட்டார் போடிமெட்டில் டீ குடிக்கிறார்கள், இன்னும் அரை மணியில் வந்துவிடுவார்கள். போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மணி நேரம் தாங்குமா? அத மட்டும் சொல்லுங்க. அதுக்கப்பறம் அது விழுந்தாலும் எனக்குக் கவல இல்ல."

தாங்கும் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அது தாங்கியிருக்கவும் கூடும். நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு, யாரையும் அந்தப் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கலாம். என் பேரும் கெடாது. ஆனால் வருகிறவர்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். வீட்டு முன்னால் நின்று அண்ணாந்து பார்ப்பதற்கென்றே அவ்வளவு தூரம் ஏறி வருகிறார்கள். அவர்களிடம் போய் முன்னால் நிற்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? தையல்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

"தாங்காதுண்ணே. இப்பவே எறக்கிரணும். தப்பு என்னோடது. அவங்க வந்ததும் நானே அவங்ககிட்டச் சொல்லிர்றேன்" என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டார். "படிச்ச ஆளுன்னு நம்பித்தான ஒப்படைச்சேன்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிறகு மகனிடம் திரும்பி, "ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்குன்னு சொல்லிருவோம்டா. திருப்பி அனுப்பிச்சுட்டு, இன்னொரு நாள் வரச் சொல்லுவோம்" என்றார்.

பிரபு முகப்பை அண்ணாந்து பார்த்தான். அவன் ஆசைப்பட்டுக் கேட்ட முகப்பு.

"மூணு எடம் தகரத்தால போச்சு. இது பொய்யால போக வேணாம்ப்பா."

அவனே தாய்மாமனுக்குப் போன் போட்டான். மாமா, முகப்புச் சுவர் சாய்ஞ்சிருக்கு, இடிக்கப் போறோம், நீங்க வாசலுக்கு வராம ரோட்டுலயே நில்லுங்க என்று சொன்னான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவன் முகம் தெளியவில்லை. உள்ளே போய், லுங்கியும் பழைய ஸ்வெட்டரும், தலையிலிருந்து முதுகு வரை மூடுகிற பிளாஸ்டிக் கொங்காணியுமாக வந்தான்.

தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் கை பரபரவென்று எதையாவது செய்யச் சொல்லும். முதலில் ஆட்களை எண்ணுங்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் இருந்த பதினோரு பேரையும் பின்பக்கம் அனுப்பி, ஒவ்வொருவராக நானே பார்த்தேன். அப்புறம் தண்ணீர். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் வாசலில் நின்றபடி, தொரட்டிக் கம்பால் வாய்க்காலின் இணைப்பைக் கீழிருந்து இடித்துப் பிரித்தோம். அவ்வளவு தண்ணீரும் இலையோடும் சேறோடும் புது சோபாவின் மேல் வந்து இறங்கியது. பெரியசாமி அண்ணன் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரபு பின்பக்கமாகக் கூரையில் ஏறி, முகப்பின் சதுர ஓட்டைகளில் வடத்தைக் கோத்துக் கட்டி, நுனியை முன்னால் எறிந்தான். இழுக்க ஜீப் வேண்டும். தோட்டத்து ஜீப் விருந்துக்கு வாழை இலைக்கட்டு வாங்க மலை இறங்கிப் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் பெண் வீட்டார் வந்த ஜீப் ரோட்டில் வந்து நின்றது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. போய் அவர்கள் முன்னால் நின்றேன்.

"நாந்தாங்க இந்த வீட்டக் கட்டுன இன்ஜினியரு. முகப்பு என்னோட தப்பு. இழுத்துத் தள்ளணும். ஒங்க ஜீப்பக் கொஞ்சம் தர முடியுமா?"

தாய்மாமன் என்னை மேலும் கீழும் பார்த்தார். கவிதாவின் அம்மா முதல் ஆளாக இறங்கினார். டிரைவர் வடத்தை ஜீப்பின் பின்கொக்கியில் மாட்டி, முதல் கியரில் நகர்த்தினார். இரண்டாவது இழுப்பில் சாம்பல் பெட்டியும் வெள்ளைப் பெட்டியும் ஒன்றாகக் குப்புற விழுந்தன. நாற்காலிகள் இருந்த இடத்தில் விழுந்தன. தூசிகூடக் கிளம்பவில்லை, அவ்வளவு ஈரம்.

கூரையின் முன்பக்கம் பிய்ந்துபோய், தகரம் பளிச்சென்று தெரிந்தது.

"வீட்டப் பாக்க வாங்கன்னு கூப்புட்டுட்டு, வீட்ட இடிச்சுக் காட்டுறீகளே" என்றார் தாய்மாமன்.  பிரபு கூரையிலிருந்து இறங்கி, கொங்காணியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

கவிதாவின் அம்மா குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "பின்னாடி எப்புடிப் போறது?" என்று ராஜம்மாளிடம் கேட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் போனோம். அவர் காடு கரையில் விவசாய வேலை பார்த்த பெண்மணி. அறைக்குள் போனதும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, கையை ஆழமாக விட்டு, ஒரு பிடி எடுத்து நசுக்கினார். அலமாரியிலிருந்து மடித்து வைத்த போர்வை ஒன்றை எடுத்து முகர்ந்தார். அத்தனை மழையிலும் எதிலும் ஈரம் ஏறவில்லை. பிறகு ஸ்டோருக்குள் வந்தார். உலர்த்துகிற அடுப்பின் சூடு அங்கே இதமாக இருந்தது. நனைந்த சேலையோடு அந்தச் சூட்டில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பின்பக்கம் யாரு கட்டுனது?"

"நாந்தாங்க."

"முன்பக்கம்?"

"அதுவும் நாந்தாங்க."

"அப்ப ஒங்களுக்கு வேல தெரியாம இல்ல" என்றார். என் தொழிலில் அவ்வளவு பொருத்தமான ஏச்சை நான் வாங்கியதில்லை. தெரியாமல் செய்கிற தவறு நம்மில் குறைவுதான். ஒருவர் வருத்தப்படுவாரே என்று, தெரிந்ததைச் சொல்லாமல் விடுகிறோம் பாருங்கள், அதில்தான் சுவர் சாய்கிறது.

வெளியே மழை வலுத்தது. தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் ஸ்டோருக்குள் ஒன்றும் கேட்கவில்லை. கவிதா அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, பிரபுவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"மழ பேஞ்சா எப்பவும் இப்புடித்தானா? பேசுனா கேக்காதா?"

"கேக்காது" என்று அவனும் கத்தினான். "பக்கத்துல வந்துதான் பேசணும்."

வீட்டு விவரமாகத்தான் சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கே புரிந்து காது சிவந்தது. அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. தாய்மாமன் இருமினார்.

அந்த இடத்தில் நிற்க எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது. வெளியே வந்து, மழையில் நனைந்துகொண்டே உடைந்த கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று இடம் தட்டிப்போன பையனுக்கு நாலாவதையும் நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜீப் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ராஜம்மாள் வந்து, "சாரே, உள்ள கூப்புடுறாக" என்றாள்.

ஸ்டோரில் ஏலக்காய்ச் சாக்குகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். கவிதாவின் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தாய்மாமன், அடுத்துக் கவிதா. "பசிக்குதுன்னு சொல்லி எம்புட்டு நேரமாச்சு, வெரசா எலையப் போடுங்க" என்று அந்த அம்மா அடுப்படியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரபு வாளியோடு நின்றான்.

பெரியசாமி அண்ணன் வரிசையாக இலை போட்டுக்கொண்டே வந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருடம் போல என்னோடு சரியாகப் பேசவில்லை. வரிசையின் கடைசியில், கவிதாவுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் குனிந்து, ஈரக் கையால் இன்னொரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"ஒக்காருங்க, இன்ஜினியரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவர்களோடு சேர்ந்து நானும் கை நனைத்தேன்.